சுமாரான படத்தைக் காட்டுங்கள்

கோலாலம்பூரில் யாராவது "எங்க படிச்சீங்க?" என்று கேட்டால் "ஹார்வர்டில்" என்பேன். பொய் இல்லை. கெடா மாநிலத்தில் எங்கள் பீடோங்கிலிருந்து மோட்டரை எடுத்தால் வந்துவிடும் ஹார்வர்ட் தோட்டம். ஒரு காலத்தில் அமெரிக்க ரப்பர் கம்பெனியின் தோட்டம். ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரிவுவாரியாக அந்தப் பெயரில் தமிழ்ப்பள்ளிகளே உண்டு. ஆறாம் ஆண்டுவரை நான் ஹார்வர்ட்காரன். அதற்குப் பிறகு படித்த இடங்களைப் பற்றிப் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. கடைசியாகப் படித்த இடத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

போன மாதம் திறக்க வேண்டியதாகிவிட்டது. அக்கா மகள் கடைக்கு வந்து, நான் லாமினேட் செய்துகொண்டிருந்த கல்யாணப் படத்தின் மேலேயே நான்கு கையேடுகளைப் பரப்பினாள். படிவம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்.பி.எம்.மில் ஐந்து கிரெடிட். சினிமா படிக்கப் போகிறாளாம்.

"மாமா, இதுல எது நல்ல காலேஜ்?"

நான்கையும் புரட்டினேன். நான்கிலும் ஒரே மாதிரி பெண், ஒரே மாதிரி கேமரா, பின்னால் ஒரே மாதிரி பச்சைத் திரை. ஒன்றில் அந்தப் பெண், பக்கவெளிச்சத்தை மறைக்கிற லென்ஸ் ஹூட்டைத் திருப்பி மாட்டியபடியே படம் எடுக்கிறாள். பையில் வைக்கும்போது இடத்தை அடைக்காமலிருக்க அப்படித் திருப்பி மாட்டுவோம். எடுக்கும்போது நேராக்க வேண்டும். புகைப்படம் சொல்லித்தருகிற கல்லூரி, தன் கையேட்டுக்குப் படம் பிடித்த நாளில் அந்த இடத்தில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. அந்தக் கையேட்டை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தேன். அவள் அது நல்ல கல்லூரி என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அக்கா போன் செய்தார். "டேய், நீதான் அவள கெடுக்கிற. வாசல்ல எய்ம்ஸ்ட் யூனிவர்சிட்டி இருக்கு. எந்தெந்த ஊர்ப் பிள்ளைங்கெல்லாம் இங்க வந்து டாக்டருக்குப் படிக்குது. நம்ம வீட்டுப் பிள்ளை கேமராவத் தூக்கிட்டு கல்யாண வீடு கல்யாண வீடா அலையணுமா?" கல்யாண வீடு கல்யாண வீடாக அலைந்துதான் அக்காவின் கல்யாணத்துக்கே நான் பணம் சேர்த்தேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. அக்கா பயப்படுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் நான்தான்.

2003-ல் எங்கள் தோட்டத்து மண்டபத்துக்கு ஒரு முகவர் வந்தார். டை கட்டியிருந்தார். படிவம் ஐந்து முடித்த பிள்ளைகளையும் பெற்றோரையும் உட்காரவைத்து, சுவரில் வெளிச்சம் அடித்துப் படம் காட்டினார். தலைநகரில் ஒரு கல்லூரி, 'திரைப்படம், வீடியோ, புகைப்படம்' மூன்றும் சேர்த்து ஒரே டிப்ளோமா. அங்கீகாரம் "வந்துகொண்டிருக்கிறது" என்றார். வந்துகொண்டிருக்கிறது என்பதற்கும் வந்துவிட்டது என்பதற்கும் நடுவில் எத்தனை ஆண்டு என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அப்பா ஓய்வுக்காலச் சேமிப்பான ஈ.பி.எஃப். பணத்தில் கைவைத்தார்.

வகுப்பில் முப்பத்து நான்கு பேர். வீடியோ கேமரா ஒன்றே ஒன்று. முறைவைத்துத் தொடவேண்டும். என் முறை வருகிற நாள்களை நோட்டில் குறித்துவைப்பேன்; இரண்டரை ஆண்டில் பதினொரு நாள். மற்ற நாள்களில் யாரோ ஒருவர் வெண்பலகையில் கேமரா படம் வரைந்து பாகங்களைக் குறிப்பார். இரண்டாம் ஆண்டில் பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடனுக்கு மனுப் போட்டபோதுதான், அங்கீகாரம் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது என்று தெரிந்தது. கடன் கிடைக்கவில்லை. பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். நான் முடித்தேன். முடித்துச் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ் அம்மாவின் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் இன்னும் தொங்குகிறது. அதை வைத்து ஒரு வேலைக்கும் மனுப் போட முடிந்ததில்லை.

அங்கே என்ன கற்றுத்தரவில்லை என்பது முதல் கல்யாணத்திலேயே தெரிந்தது. தோட்டத்து மண்டபம், கூரை முழுக்க டியூப்லைட். ஜப்பானிலிருந்து வந்த பழைய கேமரா ஒன்றை மலிவாக வாங்கியிருந்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், மாப்பிள்ளை தாலி கட்டுகிற நேரத்தில் படம் முழுக்க மேலிருந்து கீழே கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன, மழையில் நனைந்த பழைய டிவி மாதிரி. கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்து சுங்கைப்பட்டாணியில் ஒரு சீனர் ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தக் கிழவர் இரண்டு நிமிடம் பார்த்தார். "உன் ஷட்டர் அறுபதில் ஒன்று. நம்ம ஊர் கரண்ட் ஐம்பது" என்று மலாயில் சொன்னார். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; டியூப்லைட் வினாடிக்கு 100 தடவை மங்கி எரியும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 வினாடியில் வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம் விழும். 1/60-ல் வைத்தால் ஒன்றுக்கு அதிகம், ஒன்றுக்குக் குறைவு, பட்டை ஓடும். அவ்வளவுதான் விஷயம். இரண்டரை ஆண்டில் யாரும் சொல்லாததை இரண்டு நிமிடத்தில் சொன்னார். அவரிடமே ஆறு ஆண்டு வேலை பார்த்தேன். என் கல்லூரி அதுதான்.

அதனால் கல்லூரியே வேண்டாம், கடையில் என்னோடு உட்கார் என்று மருமகளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவும் செய்தது. ஆனால் அந்தக் கிழவரிடம் எனக்குக் கிடைக்காத ஒன்று இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அங்கீகாரம். அதைத் தர அப்போது லான் என்ற அரசு வாரியம் இருந்தது. 2007-லிருந்து அந்த வேலையை எம்.கியூ.ஏ. என்ற அமைப்பு செய்கிறது. எங்கள் காலத்தில் நாம் போய்த் தோண்ட வேண்டும். இப்போது எம்.கியூ.ஆர். என்ற பதிவேடு இணையத்திலேயே கிடக்கிறது, போனில் பார்க்கலாம். பலர் செய்கிற தப்பு, கல்லூரியின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிடுவது. அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகத் தருவதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. அதே கட்டடத்தில் கணக்கியலுக்கு இருக்கும், சினிமாவுக்கு இருக்காது. கையேட்டில் உள்ள படிப்பின் பெயர், பதிவேட்டில் உள்ள பெயர் இரண்டையும் எழுத்துக்கூட்டிப் பாருங்கள். தற்காலிக அங்கீகாரமா, முழு அங்கீகாரமா என்றும் பாருங்கள். பி.டி.பி.டி.என். கடனுக்கு இதுதான் முதல் வாசல். நான்கு கையேட்டில் ஒன்று இங்கேயே விழுந்தது. லென்ஸ் ஹூட் கையேடு விழவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது கட்டணம். அவர்கள் சொல்கிற தொகை முழுத்தொகை இல்லை. கடைசி ஆண்டில் ஒரு குறும்படம் எடுக்கவேண்டும். அதற்கான செலவு பெரும்பாலும் மாணவர் தலையில். நடிகர்களுக்குச் சாப்பாடு, வேன், இடத்துக்கு வாடகை, ஹார்ட் டிஸ்க், நல்ல லாப்டாப். வாடகை அறை வேறு. "அந்தப் படம் எடுக்க போன வருஷ மாணவர்கள் எவ்வளவு செலவழித்தார்கள்?" என்று நேராகக் கேளுங்கள். அந்தப் படம் யாருக்குச் சொந்தம் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு ஒரு கல்லூரியில் விழித்தார்கள்.

போய்ப் பார்க்காமல் சேரக்கூடாது என்பதில் நான் உறுதி. ஆனால் கெடாக்காரர்களுக்கு அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்கு விடுமுறை வெள்ளி, சனி. தெற்கே சனி, ஞாயிறு. அங்கே திறந்த நாள் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை இங்கே பள்ளிக்கூடம், இங்கே வேலை. அக்கா சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவர், லீவு கிடைக்காது. ஆக நானும் மருமகளும் ஒரு சனிக்கிழமை விடியற்காலை சுங்கைப்பட்டாணியில் இ.டி.எஸ். ரயில் ஏறினோம். தைப்பிங் தாண்டும்வரை தூங்கினாள். பிறகு ஜன்னலில் போனை ஒட்டிவைத்துச் செம்பனை வரிசைகள் ஓடுவதை எடுத்துக்கொண்டே வந்தாள்.

முதல் கல்லூரியில் எங்களுக்குக் குளிர்பானம் கொடுத்து ஒரு அறையில் உட்காரவைத்து மாணவர் படங்களின் தொகுப்பைப் போட்டார்கள். பிரமாதம். ட்ரோன் பறக்கிறது, மழை மெதுவாக விழுகிறது, ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள். மருமகள் வாயைப் பிளந்து பார்த்தாள். எனக்கு வழக்கமான ஒரு சந்தேகம். நான்கூடக் கடை வாசலில் நான் எடுத்த மிக நல்ல நான்கு படங்களைத்தான் மாட்டியிருக்கிறேன். அதில் ஒன்று தற்செயலாக விழுந்தது. அதைப் பார்த்துவிட்டு வருகிற மாப்பிள்ளைக்கு என் சராசரி தெரியாது.

"இதெல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைங்க எடுத்தது. எந்தக் கல்லூரிக்குப் போயிருந்தாலும் எடுத்திருப்பாங்க. தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆன பிள்ளை எடுத்த படம் ஒன்னு காட்டுங்களேன்" என்றேன். அந்த அதிகாரி சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் மார்க்கெட்டிங்கில் ஆளைக் கூப்பிடப் போனார். கூப்பிடப் போனவர் வரவில்லை. மருமகளுக்கு மானம் போயிற்று.

இரண்டாவது இடத்தில் ஓர் இளம் விரிவுரையாளர் அதே கேள்விக்குக் கொஞ்சம் யோசித்தார். பிறகு பேர் சொல்லாமல் ஒரு கோப்பைத் திறந்தார். ஏழு நிமிடப் படம். அண்ணன் தம்பி சண்டை. பேச்சு பாதி கேட்கவில்லை, பின்னால் லாரிச் சத்தம். மூன்றாம் நிமிடத்தில் நிறுத்தி, "இந்தப் பையனுக்கு லொகேஷன்ல சத்தத்தக் கேக்கவே தெரியல. முதல்ல ஒரு நாள் முழுக்கக் கேமரா இல்லாம ஹெட்போன் மட்டும் குடுத்து அனுப்பினோம்" என்றார். அதன்பிறகு அவன் எடுத்த இன்னொரு இரண்டு நிமிடத் துண்டைப் போட்டார். அதுவும் சுமார்தான். ஆனால் பேச்சு கேட்டது. அதில் ஒரு பாத்திரம் பேசி முடித்தபிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும் நான்கு வினாடி தனியாக ஓடியது. அதை அவன் வேண்டுமென்றே விட்டிருக்கிறான்.

மேலே சொன்னேனே, அந்தச் சீனக் கிழவரிடம் எனக்குக் கிடைக்காத ஒன்று என்று, இதுதான் அது. கிழவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் என் படத்தைப் பார்த்து ஒருநாளும் பேசியதில்லை. பட்டை ஓடினால் சொல்வார். படம் சுமார் என்றால் சொல்லமாட்டார். வாடிக்கையாளர் வாங்கிக்கொண்டால் சரி. நான் எடுத்ததைப் பத்துப் பேர் உட்கார்ந்து பார்த்து, எங்கே தூங்கினோம் என்று முகத்துக்கு நேரே சொன்ன ஓர் அறை எனக்கு வாய்க்கவே இல்லை. அந்த அறைக்குத்தான் கட்டணம் கட்டுகிறோம். கேமராவை இன்று கைத்தொலைபேசியே தருகிறது, எடிட்டிங்கை யூடியூப் தருகிறது. ஆகவே விமர்சன வகுப்பு வாரத்துக்கு எத்தனை மணிநேரம், ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஆசிரியர்களில் எத்தனை பேர் இப்போதும் படம் எடுக்கிறார்கள், இவற்றைக் கேட்டபிறகு ஸ்டூடியோவைச் சுற்றிப் பாருங்கள்.

தனியார் மட்டும்தானா என்று கேட்பீர்கள். இல்லை. யூ.ஐ.டி.எம். என்ற அரசுப் பல்கலைக்கழகத்தில் திரைப்படத்துக்குத் தனித் துறையே இருக்கிறது, ஆனால் அது மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ரா மாணவர்களுக்கு. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு இல்லை. கோலாலம்பூரில் அஸ்வாரா இருக்கிறது. 1994-ல் தேசியக் கலைக்கழகமாகத் தொடங்கி, 2006-ல் இந்தப் பெயரைப் பெற்ற அரசுக் கலைக்கூடம். நடனம், இசை, நாடகத்தோடு திரைப்படம், வீடியோவும் உண்டு. மலாய் நன்றாக வரவேண்டும், நேர்முகத்தில் உன் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். தோட்டத்துப் பெற்றோர் பலருக்கு இது ஆட்டம் பாட்டம் கற்றுத்தருகிற இடம் என்ற அளவோடு நின்றுவிடுகிறது, பாவம். பட்டப்படிப்பு என்று போனால், பினாங்கில் யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் தொடர்புத்துறையில் திரைப்படமும் ஒளிபரப்பும் இருக்கின்றன. நமக்கு ரொம்பப் பக்கம். சரவாக்கில் உனிமாஸ் பல்கலைக்கழகம், ஒளிப்பதிவுக்கென்றே தனிப் படிப்பு வைத்திருக்கிறது. இவற்றுக்குப் படிவம் ஆறில் எழுதும் எஸ்.டி.பி.எம்., டிப்ளோமா போன்ற வழிகளில்தான் ஏறவேண்டும். எம்.எம்.யூ. தனியார் பல்கலைக்கழகம், ஆனால் டெலிகோம் தொலைபேசி நிறுவனத்துடையது. அதன் சினிமாப் பட்டப்படிப்பு அமெரிக்காவின் யூ.எஸ்.சி. திரைப்படப் பள்ளியின் கூட்டுறவோடு ஜொகூரில் தொடங்கப்பட்டது. கட்டணத்தைக் கேட்டுவிட்டு உட்காருங்கள், நின்றுகொண்டு கேட்காதீர்கள்.

சென்னையைச் சொல்லாமல் விட்டால் என் சித்தப்பா கோபித்துக்கொள்வார். "சினிமான்னா கோடம்பாக்கம்தான்டா" என்பது அவர் வேதம். தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கிறது, சாலிகிராமத்தில் எல்.வி. பிரசாத் அகாடமி இருக்கிறது. இரண்டும் நல்ல பெயர் உள்ளவை. ஆனால் பி.டி.பி.டி.என். உள்நாட்டுப் படிப்புக்குத்தான். அதைவிடப் பெரிய விஷயம், இந்தத் தொழிலில் உன்னோடு படித்தவன்தான் நாளைக்கு உன்னை வேலைக்குக் கூப்பிடுவான். அவனெல்லாம் வடபழனியில் இருப்பான், நீ பீடோங்கில் இருப்பாய்.

ரயிலில் திரும்பும்போது அவளிடம் கேட்டேன்: திரைப்படமா, வீடியோவா, புகைப்படமா? "மூணும்தான் மாமா, கோர்ஸ் பேரே அப்படித்தானே" என்றாள். மூன்றையும் ஒரே பலகையில் எழுதியிருக்கிறார்கள், சரி. ஆனால் மூன்றுக்கும் மூன்று விதமான மனுஷர்கள் வேண்டும். புகைப்படக்காரன் தனிக்காட்டு ராஜா. பிடிக்காதவனோடு வேலை செய்யவேண்டியதில்லை. திரைப்படம் என்பது இருபது பேரோடு சண்டைபோட்டுக்கொண்டே ஒன்றாகச் சாப்பிடுவது. வீடியோக்காரனுக்கு நேரம்தான் எஜமான். தாலி கட்டுவதை இன்னொருமுறை கட்டச் சொல்லமுடியாது. (சொல்லியிருக்கிறேன். ஒருமுறை. அந்த ஐயர் இன்றும் என்னோடு பேசுவதில்லை.)

பதிலுக்கு அவள் போனை நீட்டினாள். பாட்டியின் வீடியோ. அதாவது என் அம்மா. அம்மா முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபிறகும் உளியை வீசவில்லை. துணியில் சுற்றி வைத்திருக்கிறார், மாதம் ஒருமுறை எடுத்துத் தீட்டுவார், எதற்கென்று யாரும் கேட்பதில்லை. அதை எடுத்திருக்கிறாள். காலை ஏழரை இருக்கும். நம் ஊரில் விடியல் இருபது நிமிடத்தில் முடிந்து வெயில் ஏறிவிடும், அந்த இருபது நிமிடத்துக்குள் பிடித்திருக்கிறாள். முகம் இல்லை. கல், தண்ணீர், உளி, கட்டைவிரல். கட்டைவிரலில் அந்தப் பழைய பிளவு. கல்லில் உரசும் சத்தம். அம்மா உளியின் கூர்மையை விரலால் தொட்டுப் பார்க்கிறார், போதவில்லை, மறுபடி தீட்டுகிறார். ஒரு நிமிடம் நாற்பது வினாடி. போனை ஆட்டவே இல்லை.

"நடுவுல ஏன் நிறுத்தல?" என்றேன்.

"பாட்டி நிறுத்தல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஈப்போ வந்தது.

எங்கள் ஆட்களுக்கு இந்தப் படிப்பால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தோட்டத்துப் பெண் ஒருத்தி மேலே படிக்க ஆசைப்படுவதைப் பற்றி 2005-லேயே 'செம்மண் சாலை' என்ற மலேசியத் தமிழ்ப் படம் வந்தது. 2015-ல் 'ஜகாட்' வந்தது. அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த பட விருதை மலாய்ப் படத்துக்குத் தனி, மற்ற மொழிக்குத் தனி என்று பிரித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பி, விதியை மாற்றி, கடைசியில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை அந்தத் தமிழ்ப் படமே வாங்கியது. நான் அன்று கடையில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். இருந்தாலும், தமிழில் எடுக்கிறவள் தன் வகுப்பில் அநேகமாக ஒரே தமிழ்ப்பிள்ளையாக இருப்பாள். துணைவசனம் எழுதவேண்டும். பால்வாளிகளைத் தோளில் தூக்குகிற கம்பான 'காண்டா' என்பதற்கு மலாயில் என்ன எழுதுவது என்று யோசிக்கவேண்டும். அதைப் பொறுமையாகக் கேட்கிற ஆசிரியர் இருக்கிறாரா என்பதையும் அந்த ஏழு நிமிடப் படம் காட்டிய இடத்தில் பார்த்துக்கொண்டேன்.

அக்காவுக்கு அந்த வீடியோவை அனுப்பினேன். இரவு ஷிப்ட் இடைவேளையில் பார்த்திருக்கிறார். பதில் வர நேரமானது. "அம்மா கை இப்படியாடா ஆயிடுச்சு" என்று ஒரு வரி. அரைமணி கழித்து, "கடன் பாரத்துல கையெழுத்து எங்க போடணும்" என்று இன்னொரு வரி.

அஸ்வாராவுக்கும் அந்த இரண்டாவது கல்லூரிக்கும் மனுப் போட்டிருக்கிறாள். கல்லூரி நேர்முகத்துக்கு அழைத்துவிட்டது. பத்துப் படம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது நல்ல படத்தோடு ஒரு சொதப்பலான படத்தையும் வைத்து, எங்கே சொதப்பியது என்று அவளாகவே சொல்லப்போகிறாளாம். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

நேர்முகம் வரும் ஞாயிற்றுக்கிழமை, கோலாலம்பூரில். அக்காவுக்கு லீவு இல்லை. அன்று கடை திறக்காது. பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கவேண்டியவர்கள் திங்களன்று வாருங்கள்.